2,500 டாலர்: ஈராக் கட்டிய ஈடும் ஈராக்குக்கு வந்த உதவியும்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அந்த ஆக்கிரமிப்பில் கணவனையோ மனைவியையோ பெற்றவரையோ பிள்ளையையோ பறிகொடுத்தவருக்கு ஐ.நா. பின்னர் வகுத்த நிலையான தொகை 2,500 டாலர். ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 10,000. 2003 மார்ச்சில் அமெரிக்கா தலைமையிலான படை ஈராக்குக்குள் புகுந்தது. அந்தப் படையின் குண்டுக்குப் பலியான ஈராக்கியரின் வீட்டாருக்குக் களத்திலிருந்த ராணுவ அதிகாரி கொடுக்கக்கூடிய தொகை, வழக்கமாக, அதே 2,500 டாலர். படுகாயத்துக்கு 1,500. சேதமான சொத்துக்கு 500.

தொகை ஒன்றுதான். முதலாவதை வாங்கியவர் உரிமையோடு வாங்கினார், அதன் பெயர் இழப்பீடு. இரண்டாவதற்குப் பெயர் அனுதாபத் தொகை. அதைக் கொடுப்பதால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்பதை அமெரிக்க ராணுவம் விதியிலேயே எழுதி வைத்திருந்தது.

படையெடுத்துப் போய் ஒரு நாட்டை உடைத்தவர், அதைச் செப்பனிடக் கடமைப்பட்டவரா? இந்தக் கேள்விக்கு ஈராக்கைவிட நல்ல பாடம் கிடைக்காது. பதின்மூன்று ஆண்டுக்குள் அது படையெடுத்த நாடாகவும் படையெடுக்கப்பட்ட நாடாகவும் இருந்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எந்தப் பெயரில் கொடுத்தார்கள் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது.

சட்டம் சொல்வது

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. போர் விதிகளை மீறிய தரப்பு ஈடு கட்ட வேண்டும், தன் படையைச் சேர்ந்தவர்கள் செய்த எல்லாவற்றுக்கும் அதுவே பொறுப்பு என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை மூன்றாம் பிரிவில் சொல்கிறது. சட்டவிரோதச் செயலின் விளைவுகள் அனைத்தையும் முடிந்தவரை துடைத்தெறிவதே ஈடு என்று 1928இல் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் ஒரு தொழிற்சாலை வழக்கில் விளக்கியது. ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் படைக்கும் கடமைகள் உண்டு: பொது ஒழுங்கைக் காப்பது, உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது. ஆனால் பிடித்த நாட்டை முழுக்கக் கட்டியெழுப்பித் தர வேண்டும் என்று ஆக்கிரமிப்புச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்தக் கடமை, படையெடுப்பே சட்டவிரோதம் என்று யாராவது முத்திரை குத்தினால்தான் பிறக்கிறது. முத்திரை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் கையில்.

1991: கடனாளி என்று எழுதப்பட்ட நாடு

ஈராக்குக்கு அந்த முத்திரை விழ எட்டு மாதம்தான் ஆயிற்று. 1991 ஏப்ரல் 3 அன்று நிறைவேறிய 687ஆம் தீர்மானத்தின் 16ஆம் பத்தி, சட்டவிரோதப் படையெடுப்பால் நேரடியாக விளைந்த எந்த இழப்புக்கும் ஈராக்கே பொறுப்பு என்றது. சுற்றுச்சூழல் சேதமும் இயற்கை வளங்கள் வீணானதும் அதில் அடக்கம். அடுத்த மாதமே ஜெனீவாவில் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் பிறந்தது. ஈராக் விற்கும் எண்ணெயில் 30 சதவீதம் அதற்கு என்று ஒதுக்கினார்கள்.

வந்து குவிந்த மனுக்கள் சுமார் 27 லட்சம். கேட்ட தொகை 35,250 கோடி டாலர். ஆணையம் ஒப்புக்கொண்டது சுமார் 15 லட்சம் மனுதாரர்களுக்கு 5,240 கோடி டாலர்.

இந்த ஆணையத்தின் மிக நல்ல காரியம், வரிசையை மாற்றியமைத்தது. போர் ஈடு என்றால் அரசனுக்கு அரசன் கட்டும் கப்பம் என்பதுதான் பழைய வழக்கம். இங்கே மனுக்களை ஆறு வகையாகப் பிரித்து, முதல் மூன்று வகைகளைத் தனிமனிதர்களுக்கு வைத்தார்கள். பெரிய நிறுவனங்களும் அரசுகளும் காத்திருக்க வேண்டியிருந்தது. உயிருக்குப் பயந்து குவைத்தையோ ஈராக்கையோ விட்டு ஓடினேன் என்று காட்டினாலே போதும், 2,500 டாலர். வேறு வகையில் மனுப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய், பெட்டியைக்கூட எடுக்காமல் ஜோர்டான் பாலைவன முகாம்கள் வழியாக ஊர் திரும்பிய இந்தியர், இலங்கையர், பிலிப்பினோக்கள், எகிப்தியர் எல்லோரும் அந்தந்த அரசு வழியாக மனுப் போட்டார்கள். நாடே இல்லாத பாலஸ்தீனியர்களுக்கு ஐ.நா. அமைப்புகள் மனுவை வாங்கி அனுப்பின. ரசீது கேட்டால் யார் கொடுத்திருக்க முடியும்? அதனால்தான் நிலையான தொகை.

பின்வாங்கும்போது ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு அணைந்தது 1991 நவம்பர் 6 அன்று. அந்த எண்ணெய் வயல்களின் இழப்புக்காகக் குவைத் அரசு எண்ணெய் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 1,470 கோடி டாலர்தான் ஆணையம் தீர்த்த மனுக்களிலேயே பெரியது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஜோர்டானின் மனு. அகதிகளோடு வந்த ஆடுகளும் ஒட்டகங்களும் ஜோர்டானின் வறண்ட மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்துவிட்டன. போர் நடக்காத நாடு, குண்டு விழாத நிலம், புல்லைத் தின்றது கால்நடை. அதையும் படையெடுப்பின் விளைவு என்று ஏற்று சுமார் 16 கோடி டாலர் கொடுத்தார்கள். சுற்றுச்சூழலுக்காகக் கேட்ட தொகை சுமார் 8,500 கோடி, கிடைத்தது 530 கோடிக்கும் குறைவு. ஆனால் கிடைத்ததை நிலத்தைச் சீர்செய்யத்தான் செலவிட்டார்களா என்று பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். வாங்கியவரும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் அது ஆய்வாகாது. பணம் ஈராக் அதிபர் சதாம் உசேனின் பையிலிருந்து வரவில்லை. பொருளாதாரத் தடையில் நாடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் எண்ணெய் விற்க அனுமதித்த திட்டத்தின் வரவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது அது. 2003 வரை அப்படிப் போனது சுமார் 1,800 கோடி டாலர். படையெடுப்பு வேண்டும் என்று பாக்தாத்தில் எந்தத் தாயும் ஓட்டுப் போடவில்லை. குழந்தையின் மருந்துக்கு ஆக வேண்டிய பணத்தில் பங்கு போனது அவளுக்கு. ஆணையம் நீதிமன்றமும் அல்ல: எதிர்வாதம் செய்ய ஈராக்குக்குக் கிடைத்த இடம் மிகக் குறுகியது. தோற்றவனிடம் மட்டுமே வசூலிக்க முடிந்த ஈடு இது என்பதை மறக்க முடியாது.

2003: கொடையாளி என்று எழுதிக்கொண்ட நாடு

உடைத்தால் உங்கள் தலையில்தான் விழும் என்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் 2002இலேயே அதிபர் புஷ்ஷை எச்சரித்தார் என்பார்கள். கடையில் பொருளை உடைத்தவருக்கே அது சொந்தம் என்கிற கணக்கு. எனக்கு அந்த உவமையில் எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. ஈராக் கடையில் விலைக்கு வைத்திருந்த பானை அல்ல, அடுத்த வீட்டு அடுக்களைப் பானை. அதை உடைத்தவர் பானைக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை, கடன்காரர் ஆகிறார்.

இந்தப் படையெடுப்புக்குப் பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி இல்லை. ஐ.நா. சாசனத்துக்கு ஒவ்வாதது, சட்டவிரோதம் என்று பொதுச்செயலர் கோஃபி அன்னான் 2004 செப்டம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் கவுன்சில் அந்த முத்திரையைக் குத்தவில்லை. எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் வீட்டோ அதிகாரத்தை வைத்திருப்பவர் மீது அது விழவும் விழாது. 2003 மே 22இன் 1483ஆம் தீர்மானம் படையெடுப்பு சரியா தவறா என்ற பேச்சையே எடுக்காமல், அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு அதிகாரிகளாக அங்கீகரித்து, ஈராக் எண்ணெய் வருமானத்தை ஈராக் மேம்பாட்டு நிதி என்ற கணக்கில் போட்டு அவர்கள் பொறுப்பில் விட்டது. அதே தீர்மானம் எண்ணெய் வருமானத்தில் 5 சதவீதம் குவைத் ஈட்டுக்குத் தொடர வேண்டும் என்றும் சொன்னது. அந்நியப் படை வீதியில் நிற்கும்போதே, தான் பழைய அந்நியப் படையாக இருந்ததற்கான தவணையை ஈராக் கட்டிக்கொண்டிருந்தது.

போர் தொடங்கிய அதே மாதம், தன் மறுகட்டமைப்புச் செலவை ஈராக் சீக்கிரமே தானே பார்த்துக்கொள்ளும் என்று பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அடுத்த மாதம் அமெரிக்க உதவி முகமையின் தலைவர், வரி கட்டுவோரின் பங்கு 170 கோடி டாலரோடு முடிந்துவிடும் என்றார். நவம்பருக்குள் நாடாளுமன்றம் ஒரே வீச்சில் 1,840 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்த விவாதம் கவனிக்க வேண்டியது. சுமார் 1,000 கோடியைக் கடனாகக் கொடுப்போம் என்று செனட் 51க்கு 47 என வாக்களித்தது. நன்கொடையாகத்தான் கொடுக்க வேண்டும் என்று புஷ் நிர்வாகம் மல்லுக்கட்டி வென்றது. கடனா, கொடையா என்ற இந்த இழுபறியில், ஈடு என்ற மூன்றாவது சொல்லுக்கு இடமே இருக்கவில்லை.

கொடை என்றால் கொடுப்பவர் விதிப்பதுதான் விதி. முதன்மை ஒப்பந்தங்களைப் போரை ஆதரித்த நாடுகளின் நிறுவனங்களே எடுக்கலாம் என்று 2003 டிசம்பரில் உத்தரவு போட்டார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா வெளியே. 2012 வரை அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 6,000 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராணுவத்தையும் போலீஸையும் உருவாக்கப் போயிற்று. அமெரிக்க நாடாளுமன்றமே அமைத்த சிறப்புத் தலைமைத் தணிக்கையாளர் ஸ்டூவர்ட் போவன், குறைந்தது 800 கோடி வீணாயிற்று என்று 2013இல் தன் இறுதி அறிக்கையில் கணக்குச் சொன்னார்.

இந்த 6,000 கோடி, ஈராக் குவைத்துக்கும் மற்றவர்களுக்கும் கட்டிய 5,240 கோடியைவிட அதிகம். தொகையை மட்டும் பார்ப்பவர், அமெரிக்கா தன் பொறுப்பை நிறைவேற்றிவிட்டது என்றே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் மறுகட்டமைப்புக்கென ஒதுக்கப்பட்ட சுமார் 22,000 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு ஈராக்கின் சொந்தப் பணம். அந்தச் சொந்தப் பணம் கையாளப்பட்ட விதம் வேறு கதை. நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கியிலிருந்து பெரும்பாலும் 100 டாலர் நோட்டுகளாக, பிளாஸ்டிக் சுற்றிய கட்டுகளாக, சரக்கு விமானத்தில் ஏற்றி பாக்தாத்துக்குப் பறக்கவிட்டார்கள்: ஏறக்குறைய 1,200 கோடி டாலர், 28 கோடிக்கும் மேற்பட்ட நோட்டுகள், எடை 363 டன். ஈராக் அமைச்சகங்களுக்குக் கொடுக்கப்பட்டதில் 880 கோடிக்குச் சரியான கணக்கு இல்லை என்று தணிக்கையாளர் 2005 ஜனவரியில் எழுதினார். திருடப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. போருக்கு நடுவே மேற்கத்திய பாணிக் கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த பால் பிரெமர் மறுத்தார். ஓர் அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள் இருந்தார்கள். ஆள் இருப்பதை உறுதிசெய்ய முடிந்தது 602 பேருக்கு.

ஃபலூஜாவின் சாக்கடை

ஒரே ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஈராக் நகரமான ஃபலூஜாவில் அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது. கழிவுநீர் தெருவில் ஓடும். 2004இல் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய சண்டைகளைக் கண்ட ஊர் அது. அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்க நிதியில் கழிவுநீர்த் திட்டம் தொடங்கியது: மதிப்பீடு சுமார் 3.25 கோடி டாலர், ஒன்றரை ஆண்டில் முடியும், ஊர் முழுக்கப் பயன்பெறும்.

சண்டை நடக்கும் ஊரில் பள்ளம் தோண்டுவது எப்படி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வேலையாட்கள் வர முடியவில்லை, வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள், திட்டத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. 2008இல் தணிக்கையாளர்கள் போய்ப் பார்த்தபோது தெருவில் குழாய் பதிந்திருந்தது. ஒரு வீட்டுக்கும் இணைப்பு இல்லை. வீட்டிலிருந்து தெருக் குழாய்வரை அவரவரே தோண்டி இணைத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. 2011இல் கணக்கை முடித்தபோது செலவு 10.8 கோடி டாலர். பயன்பெற்றவர்கள் 38,400 பேர், அதாவது நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 2,800 டாலருக்கு மேல் வருகிறது. ஒரு சாவுக்குக் கொடுத்த அனுதாபத் தொகையைவிட அதிகம்.

ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் கள்ளர்கள் என்பதல்ல நான் சொல்ல வருவது. ஊழலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஃபலூஜாக்காரர் ஒருவருக்கு அந்தக் கணக்கில் எந்த இடமும் இல்லாமல் போனது. குவைத்தில் வீடிழந்தவர் மனுதாரர். மனு எண் உண்டு, அந்த மனுவைப் பரிசீலிக்க ஓர் ஆணையம் உண்டு. ஃபலூஜாவில் வீடிழந்தவர் பயனாளி. அவருக்கு என்ன வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிப்பார். குழாய் வாசலோடு நின்றுவிட்டால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் கிடையாது.

படகுக்கு உண்டு, ஆளுக்கு இல்லை

தனிமனிதர் கேட்டுப் பார்க்க ஒரு வழி இருந்தது. அமெரிக்காவின் 1942ஆம் ஆண்டு வெளிநாட்டு மனுக்கள் சட்டம். ஆனால் சண்டையின்போது நேர்ந்த சேதம் அதில் வராது. எது சண்டை என்று முடிவுசெய்வதும் அதே ராணுவத்தின் வழக்கறிஞர்தான்.

அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி 2007இல் வெளியான சில நூறு மனுக்களில் ஒன்று இது. திக்ரித் அருகே டைக்ரிஸ் ஆற்றில் ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். படையினரைக் கண்டதும் மீனைத் தூக்கிக் காட்டி, மீன், மீன் என்று கத்தினார். மோட்டாரை நிறுத்தக் குனிந்தபோது சுட்டுவிட்டார்கள். படகு ஆற்றோடு போய்விட்டது. மரணத்துக்கு ஈடு மறுக்கப்பட்டது, அது சண்டைக் கணக்கு. படகுக்கும் வலைக்கும் செல்போனுக்கும் சேர்த்து 3,500 டாலர் கொடுத்தார்கள்.

2003 முதல் 2006 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இத்தகைய அனுதாபத் தொகைகளாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கொடுத்தது மொத்தம் சுமார் 3.1 கோடி டாலர். ஃபலூஜாவின் சாக்கடைச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பணம் எதிர்த்திசையில் போனதும் உண்டு. 1990இல் சதாம் மனிதக் கேடயங்களாகப் பிடித்து வைத்தவர்கள் உள்ளிட்ட அமெரிக்கர்களின் மனுக்களைத் தீர்க்க, 2010இல் ஈராக் 40 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட அந்த அமெரிக்கர்கள் கேட்டது நியாயம்தான். அதே நியாயத்தை ஓர் ஈராக்கியர் அமெரிக்காவிடம் கேட்க எந்த மேசையும் போடப்படவில்லை.

வியட்நாமிலும் இதே கதைதான். போரின் காயங்களை ஆற்றப் பங்களிப்போம் என்று 1973 பாரிஸ் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவில் அமெரிக்கா கையெழுத்திட்டது. 325 கோடி டாலர் என்று அதிபர் நிக்சன் கடிதமும் எழுதினார். பணம் போகவில்லை. 1997இல், தோற்று மறைந்த தென்வியட்நாம் அரசு வாங்கிய பழைய கடன் சுமார் 14.5 கோடி டாலரை அமெரிக்காவுக்குத் திருப்பித் தர வியட்நாம் அரசு சம்மதித்தது. தன் நாட்டில் ஆயுதத்தோடு தலையிட்டதற்காகத் தொடுத்த வழக்கில் நிகரகுவா 1986இல் சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்காவை வென்றது. தீர்ப்பை அமல்படுத்தக் கோரிய தீர்மானம் வீட்டோவில் செத்தது.

2022 பிப்ரவரி

ஈராக்கின் கடைசித் தவணை, 62.9 கோடி டாலர், 2022 ஜனவரி 13 அன்று கட்டப்பட்டது. ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் பிடியில் நாட்டின் பெரும்பகுதி சிக்கியபோது 2014 முதல் சில ஆண்டுகள் நிறுத்திவைத்ததைத் தவிர, முப்பது ஆண்டுக் கடன் அது.

அடுத்த மாதம் மூன்று நிகழ்வுகள். பிப்ரவரி 9 அன்று, காங்கோவுக்குள் படை அனுப்பியதற்காக யுகாண்டா 32.5 கோடி டாலர் ஐந்து தவணையில் கட்ட வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் விதித்தது. காங்கோ கேட்டது 1,100 கோடிக்கும் மேல். பிப்ரவரி 22 அன்று பாதுகாப்பு கவுன்சில் 2621ஆம் தீர்மானத்தால் இழப்பீட்டு ஆணையத்தின் கணக்கை மூடியது. இரண்டு நாள் கழித்து ரஷ்யப் படைகள் பல திசைகளிலிருந்து உக்ரைனுக்குள் நுழைந்தன.

அந்த நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை, ரஷ்யா ஈடு கட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை 94 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்ப்பு 14, ஒதுங்கியவர்கள் 73. 2023 மே மாதம் ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) அமைத்த உக்ரைனுக்கான சேதப் பதிவேடு ஹேக் நகரில் இயங்குகிறது. 1991இன் வரிசையை அவர்கள் மறக்கவில்லை: 2024 ஏப்ரல் 2 அன்று முதலில் திறந்த பிரிவு இடிந்த வீடுகளுக்கானது. வீடிழந்தவர் உக்ரைன் அரசின் செயலியில், கைப்பேசியிலிருந்தே மனுப் போடலாம். மேற்கு நாடுகள் முடக்கி வைத்திருக்கும் ரஷ்ய மத்திய வங்கியின் சொத்து சுமார் 30,000 கோடி டாலர். அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் இருக்கிறது. உலக வங்கி 2025 பிப்ரவரியில் மதிப்பிட்ட மறுகட்டமைப்புச் செலவு 52,400 கோடி. 1991இல் ஈராக்கிடம் வீட்டோ இல்லை. ரஷ்யாவிடம் இருக்கிறது.